ஒன்றரை கிளாஸ்

என் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிய டாக்டர் ஆள் நெத்திலி மாதிரி இருப்பார். எங்கள் காசிமேட்டுக் கரையில் கொண்டுவந்து நிறுத்தினால் காற்று அவரைத் தூக்கி எண்ணூரில் போட்டுவிடும். ஆனால் எப்போது போனாலும் அவர் மேசையில் ஒரு காகிதத்தில் வடை இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருக்கிற குண்டுப் பெண்களிடம், "பசி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். அதில் தப்பு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றாது. எங்களுக்கும் கோபம் வராது. இத்தனை தின்றும் இந்த மனிதருக்கு உடம்பில் ஒட்டவில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம்.

வெட்டித் தைத்ததோடு விடுகிற டாக்டர் இல்லை அவர். வெட்டின பிறகு உள்ளே உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நம் பின்னாலேயே வருவார். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதில் நானும் ஒருத்தி. எப்படிச் சேர்ந்தேன் என்றால், அவர் "சேர்றீங்களாம்மா?" என்று கேட்டார், எனக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

என் கூச்சத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் வாக்கப்பட்டது மீன்காரக் குடும்பம். வந்த புதிதில் என்னைக் கூடையோடு மார்க்கெட்டில் உட்கார வைத்தார்கள். யாராவது வந்து, "இன்னா வெல?" என்று கேட்டால் நான் தரையைப் பார்ப்பேன். அவர்களே ஒரு விலை சொல்லி, அவர்களே அதைக் குறைத்து, அவர்களே அள்ளிக்கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் என்னை எழுப்பி இறால் உரிக்கிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே முப்பது வருஷத்துக்கு மேல் குந்தின இடத்திலேயே குந்தி உரித்தேன். இறாலுக்கு என்னோடு பேச ஒன்றும் இல்லை. அப்படிக் குந்திக் குந்தியே நூற்று நான்கு கிலோ ஆனேன். சர்க்கரையும் வந்தது. காலையில் ஓர் ஊசி, ராத்திரி ஓர் ஊசி.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் இன்ஜின் பார்த்தவர். எனக்கும் சேர்த்துப் பேசுவார். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம், "சார், இது துன்றது கொஞ்சந்தான் சார். ஆனா இன்ஜின் ஓடவே மாட்டேங்குது. டீசல் அப்டியே டேங்க்லயே நிக்குது," என்றார்.

டாக்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. "கரெக்டா சொன்னீங்க. சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு டீசல் எரியுதுன்னுதான் முதல்ல பார்க்கணும்," என்றார். என்னை ஒரு கட்டிலில் படுக்க வைத்து, தலைக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு கவசத்தைக் கவிழ்த்தார்கள். நான் விடுகிற மூச்சை அது குழாய் வழியாக இழுத்துக் கணக்குப் பார்க்குமாம். அரைமணி நேரம் தூங்கவும் கூடாது, பேசவும் கூடாது. பேசக் கூடாது என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் பேசு பேசு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிய பஞ்சாரத்துல கவுத்த மாதிரி கீது. முட்ட கிட்ட வச்சிடப் போறா, பாத்துக்க சிஸ்டர்," என்றார்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. எடை அப்படியே இருக்கிறது, ஒரு கிலோகூடக் குறைந்தபாடில்லை. ஆனால் சர்க்கரை இறங்கிவிட்டது. ஊசியை நிறுத்தினார்கள். நான் பயந்துபோய் சிஸ்டரிடம் மெஷின் ரிப்பேரா என்று கேட்டேன். டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். உடம்பு இளைப்பதற்கு முன்னாலேயே சர்க்கரை இறங்குகிறதே, அது ஏன் என்றுதான் அவரும் தேடிக்கொண்டிருக்கிறாராம். குடலின் பாதையை மாற்றித் தைத்ததும் சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போகிறது, அந்தக் குடல் உடனே கணையத்துக்குச் சேதி அனுப்புகிறது, கணையம் விழித்துக்கொண்டு இன்சுலினைச் சுரக்கிறது என்றார். "உங்க குடல் பேசுதும்மா. அது என்ன பேசுதுன்னு ஒட்டுக் கேக்கறதுதான் என் வேலை," என்றார்.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன், உள்ளே இது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். வாயில் போடுகிற எதையும் அதில் எழுத வேண்டும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து பெரிசு பெரிசாக வரும், ஆனால் தப்பில்லாமல் எழுதுவேன். உப்புப் பார்க்க நக்கின குழம்பைக்கூட எழுதினேன். "குழம்பு, நாக்கில் ஒரு சொட்டு, உப்பு பத்தவில்லை" என்று. வாரா வாரம் ஒரு சின்ன டாக்டர் அதிலிருந்து இட்லி எத்தனை, சோறு எத்தனை கரண்டி என்று நம்பரை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வார்.

ஒரு வருஷம் போய் நான் எழுபத்தெட்டுக் கிலோவில் வந்து நின்றபோது ஒரு சோதனைக்குக் கூப்பிட்டார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும். ஒரு கிளாஸ் நிறைய வெனிலா வாசனையோடு பால் மாதிரி ஒன்று கொடுப்பார்கள். அதில் மாவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அளந்து போட்டது. குடித்ததும் அரைமணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்து, குடல் என்ன பேசுகிறது, கணையம் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பார்களாம். ஆபரேஷன் ஆனவர் ஒருத்தர், இன்னும் ஆகாதவர் ஒருத்தர் என்று ஜோடியாகக் கூப்பிட்டார்கள். ஆகாதவர்களுக்கு அந்தச் சோதனையில் இன்னொரு சங்கதியும் இருந்தது. கணையத்தில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள்.

எனக்கு ஜோடியாக வந்தவள் திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவள், மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். உள்ளே நுழையும்போதே கதவு கொஞ்சம் யோசித்தது. குரல் அதைவிடப் பெரிசு. வந்து உட்கார்ந்த உடனே என்னைப் பார்த்து, "யக்கா, நீ அறுத்துக்கினவளா, அறுத்துக்கப் போறவளா?" என்றாள்.

"ஆயிடுச்சி," என்றேன்.

"ஸோக்கா கீற. நான் இன்னும் லைன்ல கீறேன்." இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஓரத்து விரல் இல்லை. "சுகரு துன்னுட்ச்சி. மொத்தம் பத்துல ஒம்போது கீது. இன்னொண்ணு போறதுக்குள்ள இந்த ஆபரேசன் ஆயிடணும். அதுவும் இந்தத் தடைக்காலத்துல ஆவணும். போட்டுங்க கடலுக்குப் போவாத இந்த ரெண்டு மாசந்தான் எனக்கு லீவு. வுட்டா அப்பால அடுத்த வருஷந்தான்."

சிஸ்டர் இரண்டு பேர் கையிலும் கிளாஸைக் கொடுத்து, "பத்து நிமிஷத்துல முடிக்கணும். முடியலேன்னா என்னைக் கூப்பிடுங்க, மீதியை அளந்து எழுதிக்கணும்," என்று சொல்லிவிட்டு, ரத்தம் எடுக்கிற குழாய்களில் பேர் ஒட்டப் பக்கத்து அறைக்குப் போனார்.

அவள் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. என்னால் முடியவில்லை. என் வயிறு இப்போது டீ கிளாஸ் அளவுதான். பாதி போனதும் நெஞ்சு வரை நிறைந்து நின்றுவிட்டது. சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வாயெடுத்தேன், உள்ளே சிஸ்டர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், எப்படிக் குறுக்கே கூப்பிடுவது என்று மூடிக்கொண்டேன். அப்போது அவள் என் கிளாஸைப் பார்த்தாள்.

பசியோடு ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க நாம் தின்றால் வயிறு வலிக்கும் என்பார்கள். எங்களுக்கு அது வெறும் பேச்சு இல்லை. வலை கரைக்கு வந்தால் கயிறு இழுத்தவர், இழுக்காதவர், சும்மா வேடிக்கை பார்த்தவர் எல்லோருக்கும் குழம்புக்கு ஒரு கை மீன் போட்ட பிறகுதான் கூடை ஏலத்துக்குப் போகும். பார்த்தவர் கண்ணெதிரே ஒன்றும் கொடுக்காமல் தூக்கிப் போகிற வழக்கம் கிடையாது. கை தானாக நீண்டுவிட்டது.

"உனக்கு வோணாமாக்கா?"

"முடியல."

"கீழ ஊத்துனா பாவம்," என்று வாங்கி அதையும் ஒரே மடக்கில் முடித்தாள். "ஐஸ்கிரீம உருக்குன மாதிரி கீது. ஆஸ்பத்திரியில இப்டியெல்லாம் குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே குண்டாயிருப்பேன்."

சிஸ்டர் வந்து இரண்டு காலிக் கிளாஸையும் பார்த்து, "குட்," என்று எழுதிக்கொண்டார். நானும் வீட்டுக்கு வந்து என் நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதினேன்: "ஆஸ்பத்திரி பால், அரை கிளாஸ். மீதி அரை, கூட வந்த தங்கச்சிக்குக் கொடுத்தேன்." எழுதியாகிவிட்டது, அதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அவளை முதலில் உள்ளே விட்டார்கள். வெளியே வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு ஆடினது. என் வீட்டுக்காரர்தான், "இன்னா தங்கச்சி, தேதி குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. சுகரு மானத்துக்கு ஏறிக் கீதாம். கணையம் ஓஞ்சிப் போச்சாம். அறுத்தாலும் பிரயோஜனம் இல்லியாம். ஊசிய ஏத்திக்கினு அடுத்த வருஷம் வா, பாக்கலாம்னுட்டாரு." செருப்புக்குள் இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் எத்தினி வெரலோட வர்றனோ."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் முகத்தில் தீபாவளி. வடையைக்கூடத் தொடவில்லை. இரண்டு சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். சர்க்கரை ஏறி இறங்கினதைக் காட்டுகிற இரண்டு கோடு. ஒன்று புயல் நாளில் அலை எழும்புகிற மாதிரி ஏறி, இறங்கவே மனசில்லாமல் நின்றது. இன்னொன்று பழவேற்காட்டு உப்பங்கழித் தண்ணீர் மாதிரி லேசாக நெளிந்து அடங்கியது.

"அடங்கியிருக்கே, அது உங்க கோடும்மா. இவ்வளவு அழகா ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. அடுத்த மாசம் டெல்லியில டாக்டருங்க மீட்டிங்ல இதைத்தான் முதல்ல காட்டப் போறேன்," என்றார்.

என் வாழ்க்கையில் என்னுடையது எதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை. ஒரு நிமிஷம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பக்கத்தில் எழும்பி நிற்கிற அலையைப் பார்த்தேன். படிக்காதவளுக்கும் புரிந்துவிட்டது. அது ஒன்றரை கிளாஸ். இது அரை கிளாஸ்.

சொல்ல வேண்டும். மூன்று ஆண்பிள்ளைகள் நிற்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியே இருக்கிறார். எனக்கு ஒரு யோசனை வந்தது. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து டாக்டர் முன்னால் நீட்டினேன். அதில் எல்லாம் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்.

அவர் நோட்டை வாங்கினார். "எவ்வளவு ஒழுங்கா எழுதறாங்க பாருங்கப்பா, இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்," என்று சின்ன டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே, எழுதியிருந்ததற்கு மேலேயே 'வெரி குட்' என்று பேனாவால் கிறுக்கி, கையெழுத்துப் போட்டு, மூடி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு மேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சார்," என்றேன். "அது என் கோடு இல்ல."

"உங்களுதுதாம்மா. நம்பர் போட்டிருக்கு பாருங்க."

"நம்பரு என்னுதுதான். பாலு என்னுது இல்ல. நான் அரைதான் குடிச்சேன்."

"மீதி அரை?" என்றார் டாக்டர்.

நான் கதவைக் காட்டினேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவள் குரல் திரும்ப வந்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரரிடம் யாரைப் பற்றியோ, "அந்தப் பேமானி மட்டும் என் கைல கெடைக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. டாக்டர் கதவைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா குடுத்தீங்க?"

"பாத்துக்கினு இருந்தாங்க, சார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை நீட்டி நோட்டைத் திரும்பக் கேட்டார். 'வெரி குட்'டுக்கு அடியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். தங்கச்சிக்குக் கொடுத்தேன் என்கிற இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் படித்தார். நம்பர் மட்டும் ஏற்றுகிற சின்ன டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்," என்றார் டாக்டர். "அந்தம்மாவுக்கு மத்த ரிப்போர்ட் எல்லாம் பரவாயில்லாம இருக்கு, இது மட்டும் ஏன் இப்படி ஏறிச்சுன்னு. விடை இதுல இருக்கு. நானே அது மேல கையெழுத்தும் போட்டிருக்கேன்." அப்புறம்தான் சிரித்தார். நெத்திலி உடம்புக்கு அது பெரிய சிரிப்பு.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏக்கா, நீ பாசத்துல குடுக்கறேன்னு நெனச்சேன். கடசீல என் ஆபரேசனையே கிளாஸ்ல ஊத்திக் குடுத்துக் கீறியே."

"நீதான குடிச்ச," என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "இன்னாமே, நீயா பேசுன?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை திரும்பச் சோதனை. தடைக்காலம் முடிய இருபத்தைந்து நாள் இருந்தது. இந்தத் தடவை இரண்டு பேரையும் தனித்தனி அறையில் போட்டார்கள். என் அறைக்கு ஒரு சிஸ்டர் துணை, நான் குடித்து முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு வாய் கொடுக்காமல் குடிப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேரம் கூட்டிக் கொடுத்ததால் கொஞ்சம் கொஞ்சமாக முழு கிளாஸையும் முடித்தேன். அவள் குரல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. "ஒரே கிளாஸா? போன தடவ ஒண்ணர குடுத்தீங்க, இப்ப இன்னா ரேஷனா?" என்று அங்கே இருந்த சிஸ்டரைப் பேஜாராக்கிக்கொண்டிருந்தாள்.

என் புதுக் கோடு அழகாக இல்லை. ராக்கெட் மாதிரி ஏறி, அதே வேகத்தில் கீழே விழுந்திருந்தது. விழுகிற நேரத்தில் எனக்கு வியர்த்துத் தூக்கம் தூக்கமாக வந்தது உண்மைதான். டாக்டர் அதைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி வாடினது. டெல்லிக்குப் போக வேண்டிய கோடு போய்விட்டதே. பிறகு நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டு, எப்போது வியர்த்தது, எப்போது தூக்கம் வந்தது, கை நடுங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாப்பாடு வேகமாக இறங்குவதால் இப்படி ஏறி விழுவது உண்டாம். அந்த அழகான கோட்டைக் காட்டியிருந்தால் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள், ஆனால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது என்றார். இனிமேல் இனிப்பைக் குடிக்காதே, மென்று தின்னு, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னு என்று எனக்கும் புதுச் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக் காகிதத்திலும் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள், ஓர் அறையில் ஒருவர் மட்டும் என்று. அந்த வரி என்னால் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் காகிதம் கண்ணில் படும்போதெல்லாம் அந்த வரியைத் தேடிப் படிப்பேன்.

அவளுடைய சோதனை முடிவு வந்த அன்று என்னையும் கூட வரச் சொல்லியிருந்தாள். "நீ கெடுத்தத நீயே வந்து பாரு," என்று போனில் சொன்னாள். இரண்டு பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்தோம். வடை இருந்தது. அவர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். அலை இருந்தது, ஆனால் முன்னைப் போல இல்லை. ஏறின பிறகு மெல்ல மெல்ல இறங்கியிருந்தது.

"கணையம் ஓயலைம்மா," என்றார் டாக்டர். "கொஞ்சம் சோம்பேறியா இருக்கு, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணா எழுந்துக்கும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது, ஆனா நம்பிக்கை இருக்கு. தடைக்காலத்துக்குள்ள வேணும்னு சொன்னீங்க. எங்கிட்ட ஒரே ஒரு தேதிதான் பாக்கி. வர்ற வியாழக்கிழமை. நாளைக்கே அட்மிட் ஆகணும். முடியுமா?"

மார்க்கெட்டையே ஒரு குரலில் திருப்புகிறவள், பதில் சொல்லவில்லை. செருப்பை உதறிவிட்டு விரல் போன அந்தக் காலை இன்னொரு காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வருவாங்க, சார்," என்றேன். "நான் இட்டுனு வர்றேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் தேதியை எழுதினார்.